அரசியல் அறிவியல் படிக்க 12 லட்சம் கடன் வாங்கலாமா?

அண்ணன் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பி.ஏ. அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். போன வாரம் அவர்கள் வீட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, அரசு கலைக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். இன்னொன்று, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரம்; விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம். "லோன் போட்டுக்கலாம் சித்தப்பா, வேலைக்குப் போய் நானே கட்டிடறேன்" என்றாள். அவள் சொன்னபடியே கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மூன்று ஆண்டுக்கு 12 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தனி வட்டியாகப் பார்த்தாலே நான்கு ஆண்டில் 3.6 லட்சம் சேர்ந்துவிடுகிறது. ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 15.6 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 20,600 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 16,800-க்குப் பக்கம். அப்போது மொத்தம் கட்டுவது 30 லட்சத்தைத் தாண்டிவிடும். கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக அடமானமும் கேட்கும். அண்ணனிடம் இருப்பது அந்த ஒரு வீட்டுப் பத்திரம்தான்.

தொகையை விடவும் என்னைக் கவலைப்பட வைத்தது, தவணை எப்போது தொடங்குகிறது என்பதுதான். நர்சிங்கோ பி.காமோ முடித்தால் அந்தப் படிப்பை வைத்தே முதல் வேலை கிடைத்துவிட வாய்ப்புண்டு. அரசியல் அறிவியலில் பட்டம் வெறும் நுழைவுச் சீட்டு. சம்பளம் அடுத்த படியில்தான் இருக்கிறது. குரூப் 1 எழுதித் துணை ஆட்சியரோ டி.எஸ்.பி.யோ ஆனால் அடிப்படைச் சம்பளம் 56,100, ஐ.ஏ.எஸ். தொடக்கமும் அதேதான். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் அரசியல் அறிவியலையே விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண் அவள் படித்த பாடத்திலிருந்தே வரும். ஆனால் இந்தத் தேர்வுகளில் முதல் முயற்சியிலேயே தேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பேராசிரியர் வேலை என்றால் எம்.ஏ., அப்புறம் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, பெரும்பாலும் பி.எச்டி.யும். நிரந்தரப் பணி என்றால் அடிப்படை 57,700. அது வரும்வரை அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக மாதம் 25,000 வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் ஏராளம்.

எந்த வழியில் போனாலும் பட்டம் வாங்கிய பிறகு நான்கைந்து ஆண்டு ஆகிவிடும். தவணையோ ஓராண்டில் வந்து நிற்கும். அந்த இடைவெளியில் என்ன செய்வாள்? கிடைத்த வேலைக்குப் போவாள். பி.ஏ. முடித்த கையோடு கிடைக்கும் முதல் சம்பளத்தில் முக்கால்வாசி தவணைக்கே போனால், எந்தத் தேர்வுக்காக இந்தப் பாடத்தை எடுத்தாளோ அதற்கு உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே இருக்கும்?

தனியார் பக்கம் இருக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும். அங்கே வாராவாரம் கட்டுரை எழுத வைக்கிறார்கள். ஆங்கிலம் தானாக வந்துவிடும். டெல்லியில் கொள்கை ஆய்வு, தேர்தல் ஆலோசனை மாதிரி வேலைகளுக்கு மூத்த மாணவர்கள் வழி திறக்கும். இது பெரிய விஷயம். அரசுக் கல்லூரியில் இதில் பலதை அவளேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையும் உண்டு.

ஆனால் தேடினால் கிடைக்கிற நிலை இன்று இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். பிறகு சிவில் சர்வீஸ் எழுத நினைத்தால், 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 வீதம் பத்து மாதம் தருகிறார்கள். எம்.ஏ.வுக்குப் புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யு. மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நல்ல ஆசிரியர்கள், குறைந்த கட்டணம். தனியாரில் கிடைக்கும் பயிற்சியில் பாதியை அங்கேயே பெற்றுவிடலாம். அதற்குப் பிறகு பி.எச்டி. ஆய்வுக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, அதுவும் படிக்கும்போதே.

என் தீர்ப்பு அரசுக் கல்லூரிக்குத்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: தனியார் பல்கலைக்கழகம் கட்டணச் சலுகை தந்து, மொத்தக் கடன் 4 லட்சத்துக்குள் நின்றால் போகலாம். அந்த வரம்புக்குள் அடமானம் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுத் தவணை 5,600 அளவில் முடியும். டியூஷன் எடுத்துக்கூட அதைக் கட்டிக்கொண்டு படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீதச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

அவள் சலுகை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். பதில் வருவதற்குள் அரசுக் கல்லூரியில் கட்டணம் கட்டி இடத்தை உறுதி செய்யச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கடைசி நாள்.