புகாரா மண்சுவர்ச் சந்தில் மூன்று இரவு

டாக்சி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. இதற்கு மேல் போகாது என்று ஓட்டுநர் கையை ஆட்டினார். உஸ்பெகிஸ்தானின் இந்தப் பழைய ஊருக்கு ஏற்கெனவே ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி காகானில் இருக்கிறது. அங்கிருந்து வந்த களைப்போடு, உருளைப் பெட்டியைக் கரடுமுரடான தரையில் இழுத்துக்கொண்டு நடந்தோம். என் கணவருக்கு முழங்கால் வலி வேறு. இருபுறமும் வைக்கோல் கலந்து பூசிய மொட்டை மண்சுவர். தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லை, திண்ணை இல்லை. அடியில் உப்புப் பூத்து உதிர்கிறது. தலைக்கு மேலே மஞ்சள் வண்ண எரிவாயுக் குழாய் வீட்டுக்கு வீடு தாவிப் போகிறது. "இதற்கா இரவுக்கு 40 டாலர்?" என்றார் அவர்.

கதவு திறந்ததும் வாயை மூடிக்கொண்டார். உள்ளே அகலமான முற்றம், ஒரு மாதுளை மரம், செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் உயரமான தாழ்வாரம். சாப்பாட்டு அறையின் சுவர் முழுக்கச் சுதையில் வெட்டிய சின்னச் சின்ன மாடங்கள். ஒரு மூலையில் ஹீப்ரு எழுத்து. இந்தப் பகுதி புகாரா யூதர்கள் வாழ்ந்த இடம். பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்கும் நியூயார்க்கின் குவீன்ஸுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் பல இப்போது விடுதிகள். அவர்களுடைய யூதத் தொழுகைக் கூடம் இன்னும் இருக்கிறது, இரண்டு சந்து தள்ளி.

விடுதியின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், பாவம் அதை நடத்தும் அம்மாள்.

முதலில் நல்லது. காலை உணவு. நடுவில் பூ அச்சுக் குத்திய வட்ட நோன் ரொட்டி, கெட்டிப் பாலாடை, சர்க்கரைப் பாதாமி ஜாம், வால்நட், முட்டை. பச்சைத் தேநீரைப் பியாலா என்ற சின்னக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் மரியாதை. அந்த அம்மாள் என்னை 'ஓபா' என்றே கூப்பிட்டார். அக்கா. எங்களைப் பார்த்ததும் அவருடைய வயதான மாமனார் சொன்ன முதல் வார்த்தை, "ராஜ் கபூர்!"

இனி குறை. ஒருவர் குளித்தால் அடுத்தவருக்கு வெந்நீர் இல்லை. மாடிப்படி ஏணி போலச் செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நாங்கள் சைவம் என்று இரண்டு மொழியில் எழுதிக் காட்டியும் இரவு வந்த சூப்பில் இறைச்சி வாசனை. கேட்டால், "இறைச்சியை எடுத்துவிட்டேனே!" என்கிறார். அப்புறம் தக்காளி, வெள்ளரி, ரொட்டியோடு மூன்று இரவும் போயிற்று.

ஆனால் இந்த விடுதிக்குப் பணம் கொடுப்பது இடத்துக்காக. வாசலிலிருந்து நான்கு நிமிடத்தில் லப்-இ-ஹவ்ஸ். 'குளக்கரை' என்று பொருள். 1620இல் வெட்டிய குளம், சுற்றிலும் முதிய முசுக்கட்டை மரங்கள், பக்கத்தில் கழுதைமேல் நம் முல்லா நஸ்ருதீன் சிலை. ஒரு காலத்தில் ஊர் முழுக்க இப்படிக் குளங்கள். குடிநீரும் அதுதான், நோயும் அதுதான். 'ரிஷ்தா' என்று இவர்கள் சொல்வது நம் ஊர் நரம்புச் சிலந்தி. காலிலிருந்து நூல் மாதிரி புழுவைக் குச்சியில் சுற்றி எடுப்பார்கள் என்று என் பாட்டி சொல்லிப் பயமுறுத்திய அதே வியாதி. 1920களில் இசாயெவ் என்ற சோவியத் மருத்துவர் அதை ஒழிக்க இறங்கினார், குளங்களை வற்றவைத்தார்கள். வியாதி போனது. கோபுரங்களில் கூடு கட்டிய செங்கால் நாரைகளும் போய்விட்டன.

குளத்திலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் டோக்கி சர்ராஃபோன், நாணயம் மாற்றுபவர்களின் குவிமாடம். முல்தான் பக்கத்திலிருந்து வந்த இந்திய வட்டிக்கடைக்காரர்கள் உட்கார்ந்த இடம். நான் 31 வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தவள். பழைய ஆட்கள் காசாளரை 'சராப்பு' என்பார்களே, அதே சொல் இங்கே கூரையாக நிற்கிறது. கீழே இப்போது இருப்பதெல்லாம் தொப்பி, கத்தரிக்கோல், காந்தப் பொம்மை. பணம் மாற்ற வங்கிக்குத்தான் போக வேண்டும். 100 டாலருக்கு 12 லட்சம் சோமுக்கு மேல் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே இரண்டு முறை எண்ணினேன். பழக்கம்.

கலான் மினார், 1127இல் கட்டியது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். படம் எடுக்கும் கூட்டமும் அங்கேதான். எனக்குப் பிடித்தது சோர் மினோருக்குப் போகும் சந்துகள். 1807இல் கட்டிய நான்கு கோபுரக் கட்டடம் அது, வீடுகளுக்கு நடுவே திடீரென்று வந்து நிற்கிறது. போகும் வழியில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள், ஒரு பாட்டி வாசலில் தண்ணீர் தெளிக்கிறாள். பெரிய ஹோட்டலில் தங்கி, பேருந்தில் வந்து இறங்கினால் இது கிடைக்காது.

போனால் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். காலையில் முதல் ஆளாகக் குளியுங்கள். கிளம்பும் நாள் அந்த அம்மாளின் மகன் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிகளை ஏற்றினான். அப்படி ஒன்று இருப்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.