2,500 லிட்டர் மழைநீர்த் தொட்டி: டர்பன் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம், வழியும் நீருக்கு இடம் பார்த்த பிறகு

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் வந்த வெள்ளத்தில், நகருக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோய், அந்த ஊருக்கு மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரிக்காக வாளியோடு காத்திருந்தவர்களுக்குத் தொட்டியின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியுடையதானாலும் இங்கே தொட்டிக்கு ‘ஜோஜோ’ என்ற கம்பெனிப் பெயர்தான். வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 2,500 லிட்டர் நிற்கும் தொட்டி. அதையும், கூடவே விற்கும் குழாய், வடிகட்டி செட்டையும் பற்றியது இந்த மதிப்புரை.

தொட்டியில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலைத் தாங்கும் பாலிஎதிலீன், உள்பக்கம் கறுப்பு அடுக்கு. வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்காது. வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கினால் 20 நாள் தாங்கும். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் தொட்டி தானாக நிரம்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மார்ச் கடைசியில் நிரப்பி வைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

செட்டில்தான் கோளாறு. முதல் மழை கூரையில் கிடக்கும் குரங்கு எச்சம், மைனா எச்சம், தூசி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். முதல் அரை மி.மீ. மழையையாவது வெளியே தள்ள வேண்டும். கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் ஒரு குழாய்க்கு 40 சதுர மீட்டர் கூரை என்றால் அது 20 லிட்டர். இந்த முதல் நீரைத் தொட்டிக்குள் விடாமல் பிடித்து ஒதுக்கக் கடைக்காரர் தரும் ஒரு மீட்டர் நீள 110 மி.மீ. குழாயில் எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். ஆகவே இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் குழாய் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சிறு துளை இருக்கும். இலைச் சேறு அதை அடைத்துவிட்டால் குழாய் நிரம்பியபடியே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போய்விடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிமூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

நிரம்பிய தொட்டி இரண்டரை டன். 100 மி.மீ. கனத்தில், கம்பி வலை போட்ட சிமென்ட் தளம், தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் உட்காரும் அகலத்தில் வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுக விட்ட பிறகே நிரப்புங்கள். செங்கல் வளையத்துக்குள் மணல் கொட்டி வைப்பது மலிவு, ஆனால் வழியும் நீர் மணலை அரித்தால் தொட்டி சாயும், தொட்டியின் அடியில் குழாய் பொருந்தும் இடம் விரிசல் விடும். நிரம்பும்போது தொட்டி சற்றே புடைக்கும் என்பதால் அந்த இடத்தில் விறைப்பான குழாயை நேரே மாட்டாமல் வளையும் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். சாதாரணத் தொட்டிகளில் தண்ணீர் உள்ளே வருவது 110 மி.மீ. குழாயில், வழிந்து போவது 40 அல்லது 50 மி.மீ. குழாயில். சாரலுக்கு இது போதும், கனமழைக்குப் போதாது. 2022 ஏப்ரல் 11, 12-இல் டர்பனில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.-க்கு மேல் கொட்டியது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 30,000 லிட்டர். காலித் தொட்டியாக இருந்தாலும் 27,500 லிட்டர் வெளியே போயாக வேண்டும். அது வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் போய் ஊறினால்? இந்தக் கரையோரத்துச் செம்மணல் ஊறினால் பிடிப்பை இழந்து சரிந்துவிடும். அந்த இரண்டு நாளில் சரிவுகளில் இருந்த வீடுகள் மண்ணோடு போனதை யாரும் மறக்கவில்லை. வறட்சிக்கென்று வைத்த தொட்டி வெள்ளத்தில் கீழ்வீட்டுக்காரரின் சுவரைத் தள்ளக் கூடாது. வழியும் குழாயையும் 110 மி.மீ.-ஆக மாற்றி, வாயில் கொசு வலை கட்டி, மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோய் விடுங்கள். சாக்கடைக் குழாயில் விடவே கூடாது. கனமழையில் அது பொங்கித் தெருவுக்கு வந்துவிடும்.

தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2020 ஆகஸ்டில் தேசியக் காலநிலைத் தகவமைப்பு உத்திக்கு ஒப்புதல் அளித்தது. காலநிலை மாற்றச் சட்டத்தில் 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். பெருநகராட்சிகளும் மாவட்ட நகராட்சிகளும் தங்கள் பகுதியின் காலநிலைத் தேவைகளை மதிப்பிட்டுச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்தத் திட்டத்தில் தொட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு தொட்டியின் வழியும் நீர் எங்கே போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். சரிவில் வீடு இருப்பவர்கள் வார்டு கூட்டத்தில் இதை விடாமல் கேட்க வேண்டும்.

நகராட்சிக் குழாயோடு தொட்டியை நேரடியாக இணைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் தொட்டி நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுத் தெருவின் குடிநீரில் கலக்கும். நகராட்சி நீரால் நிரப்ப வேண்டுமானால் மிதவை வால்வு வழியாக, வழியும் மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு விழச் செய்யுங்கள். குடிப்பதற்கு என்றால் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள்.

1.8 மீட்டர் உயரத் தொட்டி நிரம்பியிருந்தாலும் அடியில் 0.18 பார் அழுத்தம்தான். வாளி பிடிக்கலாம், ஷவருக்கு எட்டாது. பம்பு வைத்தாலும் கரண்டு போனால் அது நின்றுவிடும். ஆகவே பம்பு இருந்தாலும் கீழே கையால் திறக்கும் குழாய் ஒன்று கட்டாயம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் பழைய வீடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை இருந்தால் அதைத் தேய்க்கவோ, அறுக்கவோ, பிரஷர் மெஷினால் கழுவவோ வேண்டாம். இழை பறந்து நுரையீரலுக்குள் போகும். அந்தக் கூரைத் தண்ணீரைக் கழிப்பறைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பாருங்கள்.