உதிரும் விண்கல்: பிசின் ஊட்டுவதா, உலர்பெட்டியில் வைப்பதா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை. இரும்பு-நிக்கல் துணுக்குகள் கலந்த கோண்டிரைட் விண்கல் எப்படித் தாங்கும்? உப்பிலுள்ள குளோரைடு துருவை முடுக்கிவிடுகிறது. துரு பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. இதைத் தடுக்கப் பிசின் ஊட்டுவதா, உலர்பெட்டியில் வைப்பதா? பலரும் தடுமாறுவது இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்.

செலவு
பிசின்: பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், அதைக் கரைக்கும் அசிட்டோன் இரண்டும் தேடி வாங்க வேண்டும்.
உலர்பெட்டி: காற்றுப்புகாத டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அவ்வளவுதான்.

உறுதி
பிசின்: நீர்த்த கரைசல் நுண்துளைகளில் இறங்கி, உதிரும் மணிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கடலூரின் கத்திரி வெயிலை நினைத்துப் பாருங்கள். ஈரத்தையும் முழுதாகத் தடுக்காது. காயாத கல்லில் பூசினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.
உலர்பெட்டி: துருவுக்கு வேண்டிய ஈரத்தையே பறித்துவிடும். உதிர்வதை மட்டும் நிறுத்தாது.

பழைய நிலைக்கு மீட்பு
பிசின்: அசிட்டோனில் கரையும் என்பது உண்மை, துளைக்குள் போனதை முழுவதும் எடுக்க முடியாது என்பதும் உண்மை.
உலர்பெட்டி: கல்லில் எதுவும் சேராது.

பராமரிப்பு
பிசின்: அடிக்கடி வேலை இல்லை.
உலர்பெட்டி: ஜெல் நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரியில் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இது ஓயாத வேலை.

கையில் எடுத்தாலே பொடியாகும் துண்டு, பலர் தொட்டுப் பார்க்கும் காட்சிப்பொருள் என்றால் பிசின்; அதுவும் நன்றாக உலர்த்திய பிறகு. ஆய்வுக்குப் போகக்கூடிய கல், குறிப்பாகக் கரிமச் சேர்மங்கள் கொண்ட கார்பன் கோண்டிரைட் என்றால் பிசினை அருகிலேயே கொண்டுவராதீர்கள். என்னைக் கேட்டால், முதலில் பெட்டி. எதுவானாலும் குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள்.