28 அறை மாத்திரை டப்பா: கிட்னி மாற்றிக்கொண்ட பிள்ளைகளுக்கு எது சரிப்படும்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி காலேஜுக்கோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைக்கு வீட்டில் முதலில் வாங்க வேண்டிய பொருள் இந்த டப்பாதான். ஏழு நாளுக்கு ஏழு பட்டை, பட்டைக்கு நான்கு அறை. அன்றைய பட்டையை மட்டும் தனியே உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். 500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. வாங்கும்போது அறையின் அளவை முதலில் பாருங்கள். விலையும் நிறமும் அப்புறம்.

இரண்டு அறை டப்பா ஏன் போதாது? புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, வெறும் வயிற்றில். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் காலைச் சாப்பாட்டுக்குப் பின். கூடவே நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட், பிரஷர் மாத்திரை, ஆரம்ப மாதங்களில் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல். ஒரே அறையில் எல்லாம் கிடந்தால் சாப்பாட்டுக்கு முன் போடுவதும் பின் போடுவதும் கலந்துவிடும். நான்கு அறை இருந்தால் காலை முன், காலை பின், இரவு முன், இரவு பின் என்று பிரித்துக்கொள்ளலாம். மூடியில் அச்சடித்திருக்கும் ஆங்கில எழுத்துகள் சில மாதத்தில் அழிந்துவிடும். அதன் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, அழியாத பேனாவால் நேரத்தையே எழுதிவிடுங்கள்.

இனி அறையின் அளவு. டாக்ரோலிமஸ் கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. அலுமினியப் பையில், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு அது வருவதே அதனால்தான். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தால் உடனே விழுங்கிவிட வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்றில் ஒரு வாரம் திறந்து வைக்கவே கூடாது. எனவே கேப்சூலைப் பிதுக்காமல், அட்டையைக் கத்தரித்துத் துண்டோடு அறையில் போட வேண்டும். அதற்கு அறை மூன்று சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். கைக்கடக்கமான டப்பாக்கள் இங்கேதான் தோற்கின்றன. கத்தரித்த மூலைகள் கூராக இருக்கும், வளைத்து வெட்டிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அட்டையோடு விழுங்கினால் உணவுக்குழாய் கிழியலாம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருங்கள்.

நிரப்பும்போது திங்கள் அறையை முழுதாக முடித்துவிட்டுச் செவ்வாய்க்குப் போவது தவறு. ஒரு மருந்தைக் கையில் எடுத்தால் அதை ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, மீதி அட்டையை எடுத்து வைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கடைசியில் அறைவாரியாக எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். டாக்ரோலிமஸில் 0.5 மில்லிகிராமும் 1 மில்லிகிராமும் மாறிப்போவது நடக்கக்கூடிய ஒரு பிழை. பழைய சீட்டைப் பார்த்து நிரப்புவது அடுத்த பிழை. ஒவ்வொரு முறை டோஸ் மாறும்போதும் பழைய சீட்டைக் கிழித்துவிடுங்கள். மைக்கோஃபினோலேட்டை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அது கருவைப் பாதிக்கும் மருந்து. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நிரப்பும் வேலையை அவரிடம் விடாதீர்கள்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாள் தனி. முந்தைய இரவு வேளைக்குப் பின் 12 மணி நேரம் ஆகும்போது, காலை வேளையைப் போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். பழக்கத்தில் அறையைத் திறந்து விழுங்கிவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸ் குறைக்கப்பட்டால் புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்க வழி திறந்துவிடும். அன்றைய காலை மூடியின் குறுக்கே ஒரு சிவப்பு டேப் ஒட்டுங்கள். பட்டையைக் கையோடு லேபுக்கு எடுத்துப்போய், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

அலாரம் வைத்த டப்பாக்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பேட்டரிக்கு இடம் விட்டு அறையைச் சுருக்கிவிடுகிறார்கள். அலாரத்துக்குப் போனே போதும். மூடி இறுக்கமாக 'டக்' என்று விழ வேண்டும். லூசான மூடி பைக்குள் திறந்துகொண்டால் எது எந்த வேளை என்றே தெரியாது. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில் டப்பாவை வைக்கவே கூடாது. ரயிலிலும் விமானத்திலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இந்த மூடிகளைக் குழந்தைகள் சுலபமாகத் திறந்துவிடும், உயரத்தில் வையுங்கள்.

வேளை தவறினால் அடுத்ததை இரட்டிப்பாகப் போடக் கூடாது. எத்தனை மணி நேரத் தாமதம் வரை போடலாம் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு, டப்பாவின் அடியில் எழுதி ஒட்டுங்கள். கிளினிக் போன் நம்பரும் அங்கேயே இருக்கட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே கூப்பிட வேண்டும். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு ஏறிவிடும். தலைவலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் எதையும் தானாகப் போடக் கூடாது. பம்ளிமாஸ் பழமும் வேண்டாம்.

டப்பாவின் பெரிய பலன் 'போட்டேனா, இல்லையா?' என்ற கேள்விக்கு அறையே பதில் சொல்வது. அம்மா நினைவுபடுத்தி, அம்மா எடுத்துக் கொடுத்தே மாதக்கணக்கில் பழகிய பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகும்போதுதான் வேளைகள் தவறத் தொடங்குகின்றன. எனவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் மாதம் அம்மா நிரப்பட்டும், பிள்ளை பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். இரண்டாம் மாதம் பிள்ளை நிரப்ப, அம்மா எண்ணிப் பார்க்கட்டும். மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை காலி டப்பாவைப் பார்ப்பதோடு சரி. ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதே ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பினால் போதும்.

ஏதாவது ஓர் அறையில் மாத்திரை மிச்சமிருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு விழுந்தால் அடுத்த முறை அந்த மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போகும், அறை காலியாகத்தான் தெரியும். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள். பரீட்சையா, பயணமா, இல்லை நண்பர்கள் முன்னால் டப்பாவைத் திறக்கக் கூச்சமா? கூச்சம்தான் என்றால் அந்த ஒரு வேளையை மட்டும் தனியாக எடுத்துப்போக, பேனா டப்பாவுக்குள் அடங்கும் சின்ன ஒற்றை அறை டப்பா ஒன்றையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.