39 வயசுல ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ் – ஃபவுண்டேஷன் முடிச்சவன் ரிவ்யூ

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேங்க, பி.காம், 16 வருஷ சர்வீஸ், டேலியும் எக்ஸெலும் தவிர வேற தெரியாது. ஐடி பக்கம் தாவலாம்னு முதல்ல போனது கோயம்புத்தூர்ல ஒரு டேட்டா சயின்ஸ் இன்ஸ்டிட்யூட், பேர் வேணாம், 100% பிளேஸ்மென்ட்னு பெரிய போர்டு, 70 ஆயிரம் கட்டினேன், மூணு மாசத்துல மூணு சார் மாறிட்டாங்க, கடைசில கைக்கு வந்தது ஒரு சர்டிபிகேட்டும் வேற யாரோ எழுதின ப்ராஜெக்டும்தான். அந்தக் கடுப்புல சேர்ந்ததுதான் ஐஐடி மெட்ராஸோட டேட்டா சயின்ஸ் பிஎஸ், ஆன்லைன் டிகிரிங்க, அதுல முதல் லெவல் பேருதான் ஃபவுண்டேஷன்.

ஜேஇஇ என்ட்ரன்ஸ் வேணாம், வயசு வரம்பு இல்ல, 12வது பாஸ் பண்ணி 10வதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும், காமர்ஸ் குரூப்பும் வரலாம். அதுக்காக சும்மா சீட்டுன்னு நெனச்சுடாதீங்க. முதல் 4 வாரம் பாடம் நடத்தி குவாலிஃபையர்னு ஒரு பரீட்சை, அதைத் தாண்டினாத்தான் உள்ள. கணக்கு பேப்பர்ல லாகரிதம் வந்தப்ப முழிச்சுட்டு உக்காந்திருந்தேன், பதினொண்ணாவது படிக்கற பையன் எட்டிப் பாத்துட்டு "அப்பா இது எங்க புக்லயே இருக்கு"ங்கறான். அன்னைல இருந்து ராத்திரி எட்டரைக்கு அவன்தான் எனக்கு டியூஷன்.

எனக்கு ரொம்பப் புடிச்ச பேப்பர் கம்ப்யூட்டேஷனல் திங்கிங், அதாவது ஒரு கணக்க கம்ப்யூட்டர் மாதிரி படிப்படியா யோசிக்கறது. மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ்னு ரெண்டு புரொஃபசர் வீடியோல சேர்ந்து நடத்தறாங்க, கோடே இல்லாம கடை பில், மார்க் ஷீட்னு அட்டைகள ஒண்ணொண்ணா எடுத்து வெச்சுத்தான் ஆரம்பம். 16 வருஷமா பில்லுலயே வாழறவனுக்கு வேற என்ன வேணும்! அதுக்கப்பறம் கோட் எழுதற பைத்தான் வந்தப்ப பயம் பாதி போயிருச்சு.

வீடியோ எல்லாம் யூடியூப்ல ஃப்ரீயா கெடக்கே, எதுக்குடா காசு கட்டறேன்னு மச்சான் கேட்டான். நாயமான கேள்விதான். அதே வீடியோவ சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷமா சேவ் பண்ணி வெச்சிருந்தேன், ஒண்ணு கூட முழுசா பாக்கல. இங்க வாரா வாரம் அசைன்மென்ட், ரெண்டு குவிஸ், எண்ட் டெர்ம், பரீட்சைய நேர்ல சென்டருக்குப் போய்த்தான் எழுதணும். நான் காசு கட்டினது அந்தப் பயத்துக்குத்தாங்க. நான் சேர்ந்தப்ப ஃபவுண்டேஷன்ல ஒரு பேப்பருக்கு 4000, மொத்தம் 8 பேப்பர். வருஷத்துக்கு மூணு டெர்ம், ஒரு டெர்ம்க்கு நாலு பேப்பர் வரைக்கும் எடுக்கலாம், முதல் டெர்ம் தவிர நான் ரெண்டுக்கு மேல தொடல. முதல் டெர்ம்ல ஆசைப்பட்டு மூணு எடுத்து, இயர் எண்டிங் ஆடிட்டும் சேந்து வந்து, ஸ்டாடிஸ்டிக்ஸ் காலி. திருப்பி காசு கட்டித்தான் எழுதினேன், தப்பு என்னோடதுதான்.

வேலை மாறிட்டீங்களான்னு கேட்டா இல்ல. ஃபவுண்டேஷனுக்கு அடுத்த டிப்ளமோ லெவல்ல இன்னும் ரெண்டு டிப்ளமோ இருக்கு, அதுக்கு மேல பிஎஸ்ஸி, பிஎஸ், என் ஸ்பீடுக்கு அதெல்லாம் பல வருஷம். ஆனா மாசா மாசம் ஜிஎஸ்டிஆர் 2பி-யையும் (சப்ளையர் காட்டின பில் எல்லாம் வர்ற ஜிஎஸ்டி ஸ்டேட்மென்ட்) நம்ம பர்சேஸ் ரிஜிஸ்டரையும் மேட்ச் பண்ண முன்னாடி ரெண்டு நாள் ஆகும், இப்ப பைத்தானோட பாண்டாஸ்ங்கற டேட்டா டூல்ல இருபது வரி எழுதி வெச்சிருக்கேன், டீ ஆறறதுக்குள்ள முடியுது. முதலாளிக்கு இன்னும் சொல்லல.

ரெண்டு மூணு மாசத்துல வேலை வேணும்ங்கறவங்க இங்க வராதீங்க. குடும்பம், லோன்னு இருந்தும் தினம் ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்னா தாராளமா சேரலாம். ஒண்ணு மட்டும், பரீட்சை ஞாயித்துக்கிழமைதான் வருது, நம்மூர் கல்யாணமும் ஞாயித்துக்கிழமைதான் வருது. அடுத்த குவிஸ் அன்னிக்கு கொழுந்தியா கல்யாணம், வீட்ல இன்னும் வாயே தொறக்கல நான்.