ஸ்பர்ஷ் தளம்: படைவீரர் ஓய்வூதியத்துக்குக் கைகொடுக்கிறதா?

ஸ்பர்ஷ் என்பது பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளம். அதன் வழியே பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாத ஓய்வூதியச் சீட்டில் பிடித்தம், நிலுவை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அந்த வகையில் ஸ்பர்ஷ் நல்ல சேவை.

இடறுவது, ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழில்தான். இந்தச் சான்றை இணையவழியில் அளிக்க உதவும் ஜீவன் பிரமாண் செயலியில், ஓய்வூதியம் வழங்கும் முகமை என்ற இடத்தில் பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, ஓய்வூதியம் நின்றுவிடும். அங்கே 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்' என்பதையே தேர்ந்தெடுங்கள். பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். செயலி சான்று உருவானதாகச் சொன்னாலும், ஸ்பர்ஷில் அடுத்த சான்றுக்கான தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பர்ஷில் உள்ள மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பின்னால் குடும்ப ஓய்வூதியம் தாமதமாகும். வீரர் இருக்கும்போதே திருத்துவது மிக எளிது. கணினி பழக்கமில்லாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்குப் போகலாம்; கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.