பைக்குக்கு டாப் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா? மோல்மேனில் எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பர்மாவில் மோல்மேன், முடோன், தன்பியூசயாட் பக்கம் பைக்கின் பின்னால் டாப் பாக்ஸ் என்கிற மேல் பெட்டி மாட்டி ஓட்டுகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மழைக்கு முன்னால் பெட்டி வாங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் மே மாதத்தில் கடைக்கு ஓடுவோம். போன வருடம் நானும் அப்படித்தான் ஓடினேன். 2 லட்சத்து 80 ஆயிரம் கியாட் கொடுத்து ஏமாந்து வந்தேன். பணத்தைக்கூட விடலாம். அந்தப் பெட்டிக்குள் இருந்த பிள்ளைகளின் நோட்டுகள் போனதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

எனக்கு வேலை மோல்மேனில், அரிசிக் கடையில் கணக்கு எழுதுவது. சனிக்கிழமை காலையில் ஹோண்டா வேவ் பைக்கை எடுத்துக்கொண்டு தன்பியூசயாட் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போக 40 மைல், வர 40 மைல். பாடப்புத்தகம், திருத்திய நோட்டுகள், சாக்பீஸ் எல்லாவற்றையும் பல வருடம் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டித்தான் கொண்டு போனேன். எங்கள் ஊர் மழை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது 1,400 மில்லிமீட்டர் அளவுதான். இங்கே ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சாக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கடைக்காரர் நம்ம ஆள்தான். கோயில் திருவிழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். 32 லிட்டர் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மூடியில் ‘கிவி’ என்று சிவப்பு எழுத்து. கிவி இத்தாலிக் கம்பெனி, பைக் பெட்டியில் பேர் வாங்கியது என்று எனக்கும் தெரியும்.

"தாய்லாந்து மேசோட்டிலிருந்து எல்லையில மியாவதி வழியா வந்த ஒரிஜினல் சரக்கு தம்பி. நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் நீ. உங்கிட்டப் போய் லாபம் பாப்பேனா?"

"எவ்வளவு கனம் தாங்கும் அண்ணே?"

"பத்து வீசை போடு. ஒண்ணும் ஆகாது."

பத்து வீசை என்றால் 16 கிலோவுக்கு மேல். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மாட்டும்போதே தப்பு தொடங்கிவிட்டது. கடைப்பையன் பெட்டி உட்காரும் அடித்தட்டைப் பின் கைப்பிடிக் கம்பியில் வைத்து, நாலு போல்ட்டும் போட்டுப் பெட்டியையும் ஏற்றிவிட்டான். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் தூக்க முடியவில்லை. வேவில் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட்டின் கீல் முன்பக்கம், பின்பக்கம்தான் மேலே எழும்பும். பெட்டி சீட்டுமேல் நாலு விரல் வந்து உட்கார்ந்தால் பெட்ரோல் போட வழியில்லை. சரி என்று தட்டைப் பின்னால் நகர்த்தினான். நகர்த்தியதும் பின் போல்ட் இரண்டுக்கும் கீழே கம்பியே இல்லை. முன்னால் இரண்டு போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு, "இது போதும் ஆசிரியரே" என்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கென்று தனிக் கேரியர் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை முடோன் தாண்டியதும் மழை பிடித்தது. பெட்டிதான் இருக்கிறதே என்று நிற்காமல் ஓட்டினேன். கோயில் வாசலில் இறங்கி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மேலே இருந்த புத்தகங்கள் ஓரம் நனைந்ததோடு தப்பின. அடியில் இருந்த நோட்டுகள் ஊறிவிட்டன. எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி, மூன்று மாதம் தடுமாறி, முதல் தடவையாக ஒரு பக்கம் முழுக்கத் தானே எழுதியிருந்தாள். தன் வீட்டைப் பற்றி, அவர்கள் வளர்க்கும் வாத்துகளைப் பற்றி. அதற்கு அடியில் நான் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டிருந்தேன். நீலமும் சிவப்பும் கலந்து பக்கம் முழுக்க ஊதாவாகக் கிடந்தது. ‘வாத்து’ என்ற ஒரே ஒரு சொல் மட்டும் படிக்கும்படி இருந்தது. அவள் அழவில்லை. நோட்டை வாங்கி மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு எனக்குப் பாடமே ஓடவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். வேறு பெட்டி கேட்டேன். கடைக்காரர் சிலிக்கான் ட்யூபை எடுத்து மூடி ஓரம் முழுக்கப் பிதுக்கிவிட்டு, "இனி ஒரு சொட்டு இறங்காது" என்றார். வினிகர் வாடை இரண்டு நாள் போகவில்லை. ஒழுகியதன் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நல்ல பெட்டியில் ரப்பர் பட்டை ஒரு பள்ளத்துக்குள் சுற்றி உட்கார்ந்திருக்கும். மூடியின் விளிம்பு அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தும். என் பெட்டியில் பட்டை மெலிசு. அதன் இரண்டு நுனியும் பூட்டுக்குப் பக்கத்தில் அரை அங்குல இடைவெளி விட்டு நின்றன. மூடியும் வளைந்திருந்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. இதற்குச் சிலிக்கான் பூசி என்ன பயன்? நான்கு தடவை திறந்து மூடினால் பிய்ந்து வந்துவிடும். அப்படித்தான் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை பெட்டியே பறந்தது. வின் செயின் தோயா படுத்த புத்தர் சிலைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு குழியில் பின் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் ஏதோ லேசானது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெட்டி நடு ரோட்டில் உருள்கிறது. பின்னால் வந்த கார்க்காரர் பிரேக்கை மிதித்துப் பெட்டிக்கு இரண்டு அடி முன்னால் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் இன்னொரு பைக்கில், பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு தாய் வந்திருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

முடோனில் எனக்குத் தெரிந்த பர்மாக்கார மெக்கானிக் இருக்கிறார். அக்கோ என்று கூப்பிடுவேன். அவரிடம் கொண்டு போனேன். தட்டைக் கழற்றிக் காட்டினார். இரண்டு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் பிளாஸ்டிக் நட்சத்திரம் போலக் கீறியிருந்தது. அடியில் வாஷரும் இல்லை, லாக் நட்டும் இல்லை. பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்து, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தது, அதனால்தான் வளையாமல் உடைகிறது என்றார். அப்புறம் கடையில் கிடந்த வேறொரு வாடிக்கையாளரின் பெட்டிச் சாவியை எடுத்து என் பூட்டில் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது. அதுவும் அதே சிவப்பு எழுத்துப் பெட்டிதான். என் சாவியை அந்தப் பெட்டியில் போட்டோம். அதுவும் திறந்தது. இப்படி ஊரில் எத்தனை பெட்டி ஓடுகிறதோ.

கனத்தைப் பற்றி அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். உண்மையான கிவி பெட்டியில் மோனோலாக், மோனோகீ என்று இரண்டு வகை. சின்ன பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் வருவது மோனோலாக். அதில் 3 கிலோவுக்கு மேல் போடக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. இரண்டு வீசைகூட இல்லை! பெரிய பைக்குக்கு வரும் மோனோகீயே 10 கிலோதான், சுமார் ஆறு வீசை. நான் வாரா வாரம் ஏற்றியது மூன்று வீசை. ஒரிஜினலாகவே இருந்திருந்தாலும் நான் செய்தது தப்புத்தான். ஆனால் அந்தக் கம்பெனியே பெரிய பெட்டிக்கும் சுமார் ஆறு வீசைதான் என்கிற இடத்தில் கடைக்காரர் பத்து வீசை என்று சொன்னாரே, அதை என்னவென்று சொல்வது? பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே கனம் ஏற ஏற முன் சக்கரம் லேசாகும், ஹேண்டில் ஆடும். கனமான சாமானுக்கு இடம் காலுக்கு நடுவே உள்ள கூடை, இல்லையென்றால் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பை. மேல் பெட்டி மழைக்கோட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும்தான்.

கடைக்குத் திரும்பப் போனபோது அண்ணன் முகம் மாறிவிட்டது. "பில் இருக்கா?" என்றார். இருந்தது. எடுத்துக் காட்டினேன். அதில் பர்மிய எழுத்தில் ‘பெட்டி 1’ என்று மட்டும் இருந்தது. கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் இல்லை, லிட்டர் இல்லை. "நான் ஒரிஜினல்னு எங்கே எழுதிக் கொடுத்தேன்?" என்று கேட்டார். இங்கே 2019-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடு என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஆனால் ‘பெட்டி 1’ என்ற காகிதத்தை வைத்து எதை நிரூபிப்பது? காசு ஒரு கியாட் திரும்பி வரவில்லை.

அதனால் வாங்கப் போகிறவர்களே, யார் கடையாக இருந்தாலும், நம்ம ஆளாகவே இருந்தாலும், பில்லில் கம்பெனி, மாடல், லிட்டர், ‘ஒரிஜினல்’ என்ற சொல் எல்லாம் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கடையில் அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று இருந்தால் அதன் சாவியை உங்கள் பூட்டில் போட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்த காகிதத்தை விரித்து மூடிவிட்டு மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது. உங்கள் பைக் மாடலுக்கென்று செய்த இரும்புக் கேரியர் இல்லாமல் பெட்டி வாங்காதீர்கள். மாட்டிய பிறகு சீட்டைத் தூக்கிப் பாருங்கள், நாலு போல்ட்டையும் உங்கள் விரலால் தொட்டு எண்ணுங்கள். முதல் 50, 60 மைல் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். நல்ல பெட்டியே ஆனாலும் நோட்டு, காகிதம், மருந்து எதையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் வையுங்கள்.

யாங்கூனில் நகருக்குள் 2003 முதல் பைக் ஓட்டத் தடை. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் விசாரித்துப் பயனில்லை. மோல்மேனிலும் மாந்தலேயிலும் தினமும் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

இப்போது அக்கோ இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து கொடுத்த கேரியரில் பழைய ஒரிஜினல் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறேன். அதில் மழைக்கோட்டும் சாக்பீஸும் மட்டும். புத்தகம் எல்லாம் முன்கூடையில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். உடைந்த பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. தட்டு, பட்டை, அந்தச் சாவி எல்லாம் வீட்டில் அப்படியே இருக்கிறது. வாங்கப் போகும் முன் போலி எப்படி இருக்கும் என்று கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால், ஞாயிறு சாயங்காலம் வாருங்கள். எடுத்துக் காட்டுகிறேன்.